பச்சிளங் குழந்தையின் குருதித் துளி

மனித உடலில் இடையறாது நிகழும் இரசாயன மாற்றங்கள் அனைத்தையும் அனுசேபம் என்னும் பெயராற் குறிப்பர் உடற்றொழிலியலார். உண்ட உணவு உடலாக மாறுவதும், உடலிற் சேர்ந்த பொருள் வெப்பமாகவும் தொழிலாகவும் செலவாவதும் இதனுள் அடங்கும். இம்மாற்றங்களை நடத்துவன நொதியங்கள். அவற்றின் வேகத்தை ஆள்வன ஓமோன்கள். நொதியம் ஒன்று குறைந்தாலும், ஓமோன் ஒன்று சுரவாதொழிந்தாலும், விளையுங் கேடு வளர்ந்தோரினும் குழந்தைகளிடத்தே பெரிது. வளர்ந்தோருக்கு நலங் குன்றும். குழந்தைக்கோ உடலும் மூளையும் உருவாகும் வேலையே தடைப்படும். இத்தகைய நோய்களுள் இரண்டின் வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது. ஒன்று நொதியக் குறைவால் வருவது. மற்றையது ஓமோன் குறைவால் வருவது. இரண்டும் ஒரு காலத்தில் தீராத அறிவுக் குறைபாடென்று கைவிடப்பட்டவை.

1934 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் ஒசுலோ நகரில் ஒரு தாய் தன் மக்கள் இருவரையும் அசுபியேர்ண் பொல்லிங் என்னும் மருத்துவரிடங் கொண்டு சென்றாள். மூத்தது ஆறு வயதுப் பெண். இளையது நான்கு வயது ஆண். பிறந்தபோது குறையெதுவும் தோன்றாத அவ்விரு குழந்தைகளும் வளர வளர அறிவு மழுங்கினர். அவர்களிடம் ஒருவகைப் புழுங்கல் நாற்றம் வீசுவதையும் தாய் கவனித்திருந்தாள். மருத்துவர் பலரைக் கண்டும் அவள் கேள்விக்கு விடை கிடைத்திலது. பொல்லிங் மருத்துவம் மட்டுமன்றி இரசாயனமும் முறையாகக் கற்றவர். அவர் குழந்தைகளின் சிறுநீரிற் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலை விட்டார். நீரிழிவு முற்றியோரின் சிறுநீராயின் அது செந்நிறங் காட்டும். இயல்பான சிறுநீராயின் அதன் கபில நிறம் மாறாது. இங்கோ கரும்பச்சை நிறந் தோன்றிற்று. அந்நிறத்திற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்கப் பல இலீற்றர் சிறுநீர் வேண்டியதாயிற்று. தாய் சலியாது கொணர்ந்து கொடுத்தாள். ஈற்றில் அப்பொருள் பினைல்பைருவிக்கமிலம் எனத் துணியப்பட்டது. பின்னர் அறிவுக் குறைபாடுடையோர் இல்லங்களில் வாழ்ந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது, மேலும் எண்மரிடத்து அதே அமிலங் காணப்பட்டது.

இதன் உண்மை யாதெனில், நாம் உண்ணும் புரதங்களில் பினைலலனீன் என்னும் அமினோவமிலம் உண்டு. ஈரலில் உள்ள ஒரு நொதியம் அதனைத் தைரோசீன் என்னும் வேறோர் அமினோவமிலமாக மாற்றுகின்றது. அந்நொதியம் தொழிற்படாதவிடத்துப் பினைலலனீன் குருதியில் தேங்கும். தேங்கியது வளரும் மூளையைக் கெடுக்கும். ஒரு பகுதி பினைல்பைருவிக்கமிலமாகிச் சிறுநீரில் வெளிப்படும். இதுவே பினைல்கீற்றோனூரியா எனப்படும் நோய். தாய் தந்தையர் இருவரும் இக்குறையை வெளித்தோன்றாவகை தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருதற்கு நான்கிலொரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவினர் ஒரே மூதாதையரிடமிருந்து அதே குறையைப் பெற்றிருத்தல் கூடுமாதலின், உறவுக்குள் மணஞ் செய்யும் வழக்கம் மிக்க சமுதாயங்களில் இத்தகைய நோய்கள் மிகுதியாகத் தோன்றும்.

காரணம் அறியப்பட்டபின் மருந்து எளிதாயிருக்க வேண்டும். பினைலலனீனைக் குறைத்து உணவூட்டுவதே வழி. ஆயினும் பாலும் முட்டையும் இறைச்சியும் பருப்பும் எல்லாம் அதனைக் கொண்டவை. இங்கிலாந்தின் பேமிங்காம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையிற் பணிபுரிந்த பிக்கெல் என்பாரும் அவர்தம் துணைவரும் இதற்கொரு வழி கண்டனர். பாற்புரதத்தை அமினோவமிலங்களாகச் சிதைத்து, கரியினூடு வடித்துப் பினைலலனீனை நீக்கி, எஞ்சியதை இரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊட்டினர். அதுவரை எழுந்து நிற்கவும் இயலாதிருந்த குழந்தை தவழத் தொடங்கிற்று; ஓயாத அழுகையும் ஓய்ந்தது. உணவாலேயே இம்மாற்றம் வந்ததென உறுதி செய்ய, நீக்கிய பொருளை மீண்டுஞ் சேர்த்தபோது சில நாளில் முன்னைய நிலை திரும்பிற்று. 1953 இல் வெளியான இவ்வாய்வு, பிறவியில் வந்த அறிவுக் குறைபாடும் இரசாயன வழியால் மாற்றப்படலாம் என நாட்டியது. எனினும் இழந்த அறிவு முழுவதும் அச்சிறுமிக்கு மீளவில்லை. மருந்து அறியப்பட்டது, அதற்குரிய காலமோ கடந்திருந்தது.

ஆகவே நோயின் அறிகுறி தோன்றுமுன்னரே நோயை அறிதல் இன்றியமையாததாயிற்று. இதனைச் செய்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து நுண்ணுயிரியல் அறிஞர் றொபேட் கத்ரி. அவர்தம் மகன் ஒருவன் அறிவுக் குறைபாடுடையவன். உறவில் ஒரு பெண் குழந்தைக்குப் பினைல்கீற்றோனூரியா இருந்தது. குழந்தையின் குதிக்காலிற் குத்திப் பெற்ற குருதித் துளியை ஒற்றுத் தாளில் உலரவிட்டு, அதிலொரு வட்டத்தை வெட்டி, பற்றீரியம் பரப்பிய ஊடகத்தின்மீது அவர் வைத்தார். அவ்வூடகத்தில் பற்றீரியத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்று கலந்திருந்தது. குருதியிற் பினைலலனீன் மிக்கிருப்பின் அத்தடை வெல்லப்பட்டு வட்டத்தைச் சுற்றிப் பற்றீரியம் வளரும். ஒற்றுத் தாளைத் தபாலில் அனுப்பலாம். செலவோ சில சதங்களே. 1963 இல் மசச்சூசெற்சு மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கிற்று. நான்கு இலட்சம் குழந்தைகளிடத்து நடத்திய முதற் பெருஞ் சோதனையில் 39 குழந்தைகள் நோயுடையவர் எனக் கண்டறியப்பட்டனர்.

இனி ஓமோன் குறைவை நோக்குவோம். கழுத்தின் முன்புறத்துள்ள தைரொயிட்டுச் சுரப்பி தைரொட்சின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரையான பிறப்புக்களில் ஒரு குழந்தை இச்சுரப்பியின்றியோ, சுரப்பி செவ்வனே தொழிற்படாமலோ பிறக்கின்றது. பிறந்தபோது அது பெரும்பாலும் நலமுடையதாகவே தோன்றும். தாயின் தைரொட்சின் கருவிலே சிறிது காத்துநிற்றலே இதற்குக் காரணம். பினைல்கீற்றோனூரியாக் குழந்தையையும் கருவிற் காத்தது தாயின் ஈரலே. தொப்புள்கொடி அறுந்தபின்னரே இரு குழந்தைகளுக்குங் கேடு தொடங்குகின்றது.

இந்நோய்க்கு மருந்து முன்னரே இருந்தது. 1891 இல் நியூகாசில் நகர மருத்துவர் ஜோர்ஜ் மறே ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை நோயாளி ஒருத்திக்கு ஏற்றிக் குணங்கண்டார். 1914 இல் கெண்டல் தைரொட்சினைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். இருந்தும் குழந்தைகள் அறிவிழந்து வளர்ந்தனர். முகம் வீங்கி, நா தடித்து, வளர்ச்சி நின்றபின்னரே நோய் அறியப்பட்டமையால் அவ்வாறு நேர்ந்தது. 1972 இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று திங்களுக்குள் மருந்து பெற்றோரின் சராசரி அறிவீவு 89. ஆறு திங்களுக்குப் பின் பெற்றோரினது 54. மருந்து ஒன்றே, வேறுபாடு காலத்தால் வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டுசோ என்பார், கத்ரியின் ஒற்றுத் தாளிலேயே தைரொட்சினையும் அளக்கும் முறையை 1973 இல் வெளியிட்டார். இன்று பல நாடுகளில் ஒரே துளி இவ்விரு நோய்க்கும் வேறு பலவற்றுக்கும் பயன்படுகின்றது. இலங்கையில் தைரொயிட்டுச் சோதனை முதலில் தென் மாகாணத்தில் தொடங்கிப் பின் ஏனைய பகுதிகளுக்கும் விரிந்தது.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். அயடீன் குறைவாலும் தைரொட்சின் குறையும். கழுத்தில் வீக்கமுந் தோன்றும். இலங்கையின் ஈரவலயத்தில் இக்குறை நெடுங்காலம் பரவியிருந்தமையாற்றான் 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. ஆனாற் சுரப்பியே இல்லாத குழந்தைக்கு அயடீன் உப்பு உதவாது. மூலப்பொருள் வந்தும் ஆலை இல்லையேல் பயன் யாது? அக்குழந்தைக்கு நாடோறும் தைரொட்சின் மாத்திரையே வேண்டும்.

குழந்தைப் பருவத்தோடு பொறுப்பு முடிவதன்று. பினைல்கீற்றோனூரியா உடையோருக்கு மூளை வளர்ந்தபின் கட்டுணவு வேண்டா என முன்னர்க் கருதினர். உணவை விட்ட இளைஞரிடத்துக் கவனக்குறைவும் மனச்சோர்வும் தோன்றின. அவ்வாறு விட்ட பெண்கள் தாயானபோது, நொதியக் குறையில்லாத அவர்தம் குழந்தைகளும் கருவிலேயே மூளைக் கேடுற்றன. ஆதலின் வாழ்நாள் முழுவதும் கட்டுணவு வேண்டுமென்பதே இன்றைய முடிபு. தைரொயிட்டுக் குறைவோ பிறவியிலன்றிப் பள்ளிப் பருவத்திலும் வரும். பெண் பிள்ளைகளுக்கு மிகுதி. உயரம் நின்றுபோதல், சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், படிப்பில் தளர்ச்சி என்பன அதன் குறிகள். இவற்றை நாள்தோறும் காணும் வாய்ப்புப் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமே உண்டு. வகுப்பின் பின்வரிசையிற் சோம்பேறி எனப் பெயர்பெற்ற பிள்ளைக்கு வேண்டுவது தண்டனையன்றி ஒரு குருதிச் சோதனையாகவும் இருக்கலாம். ஒசுலோத் தாயின் கேள்வி, ‘என் மக்கள் ஏன் இவ்வாறாயினர்?’ என்பதே. அக்கேள்வியை ஒருவர் செவிமடுத்தமையால் எண்ணற்ற குழந்தைகள் அறிவோடு வளர்கின்றனர்.