முள்ளெலியின் வயிற்றில் என்ன இருக்கிறது?

என் அத்தை வீட்டில் ஊசிகளுக்கென்று ஓர் இடம் உண்டு. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் அட்டைதான் அது. கைத்தையல் ஊசி, குண்டூசி, சாக்கு தைக்கும் கோணி ஊசி எல்லாம் அதில் வரிசையாகக் குத்தி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அத்தை ஓர் ஊசியை உருவி வெளிச்சத்தில் பார்ப்பார். "இந்த மழைக்கும் ஒண்ணுகூடத் தேறல" என்பார். துருப்பிடித்த ஊசி துணிக்குள் வழுக்கிப் போகாது, சிக்கிச் சிக்கி இழுக்கும். வெள்ளைச் சட்டையில் பழுப்புப் புள்ளியையும் வைத்துவிடும்.

அத்தைக்கு ஒரு பரிசு செய்யலாம் என்று அப்போதுதான் தோன்றியது. முதுகெல்லாம் ஊசி தாங்கி நிற்கும் ஒரு துணி முள்ளெலி! பார்த்தால் சிரிப்பு வர வேண்டும், ஊசியையும் காப்பாற்ற வேண்டும். இதில் இரண்டாவது வேலைதான் கடினம். அதற்கான விடை முள்ளெலியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

முதலில் துருவைப் பற்றிப் பேசுவோம். ஊசி எஃகால் ஆனது. எஃகில் பெரும்பகுதி இரும்பு. இரும்போடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு வராது. ஆக்சிஜனை நம்மால் விரட்ட முடியாது, ஆனால் ஈரத்தை விரட்டலாம். தைக்கும் ஊசிக்கு மேல் நிக்கல் பூச்சு இருக்கும். தைக்கத் தைக்க அது தேயும். தேய்ந்த இடத்தில் விரல் வியர்வை படும்போது அதிலுள்ள உப்பு துருவின் வேலையை இன்னும் வேகப்படுத்தும்.

அப்படியானால் வயிற்றில் எந்தப் பஞ்சை வைப்பது? ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு தம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் மருந்துக் கடைப் பஞ்சு ஒரு சிட்டிகை, மற்றதில் இலவம் பஞ்சு ஒரு சிட்டிகை போடுங்கள். மருந்துக் கடைப் பஞ்சு தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடும். இலவம் பஞ்சோ மேலேயே மிதக்கும். விரலால் அமுக்கிவிட்டாலும் மறுபடி எழும்பி வரும்.

பருத்தியின் மேல் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு உண்டு. காயத்தைத் துடைக்கும் பஞ்சு நீரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக அதை நீக்கிவிடுகிறார்கள். இலவம் பஞ்சில் மெழுகு அப்படியே இருக்கிறது. அதோடு, இலவம் இழை ஒவ்வொன்றும் உள்ளீடற்ற மெல்லிய குழாய். அதன் கொள்ளளவில் சுமார் 80 விழுக்காடு காற்றுதான். அதனால்தான் கப்பல்களில் வைக்கும் உயிர்காப்பு உடைகளில் ஒரு காலத்தில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். தன் எடையைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு சுமையை அது நீரில் தாங்கும்.

இந்தப் பஞ்சை நூலாக நூற்பது மிகவும் சிரமம். பருத்தி இழை காய்ந்ததும் சப்பையாகி, நாடாபோல் முறுக்கிக்கொள்ளும். ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் நூலாகும். இலவம் இழை முறுக்கே இல்லாமல் வழவழவென்று இருப்பதால் நழுவிப் போகும். நூலுக்கு உதவாத பஞ்சு ஊசிக்கு உதவுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காய் பழுக்கும் என்று காத்திருந்து ஏமாந்த இலவு காத்த கிளிக்கு இது தெரியாமல் போயிற்று!

போடிநாயக்கனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இலவம் பஞ்சைத் தேடி அலைய வேண்டியதில்லை. மற்றவர்கள் மெத்தைக் கடையில் ஒரு பிடி கேளுங்கள். பிரிக்கும்போது தூசி பறக்கும், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

இனி முள்ளெலி. பழுப்பு நிறப் பழைய துணியில் 20 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் வரைந்து, அதைச் சரிபாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி போதும். அதன் நேர்விளிம்பை நடுவில் மடித்துத் தைத்தால் கூம்பு வந்துவிடும். அந்தக் கூம்பின் வாயை அளந்து பாருங்கள். அரைவட்டத்தின் ஆரம் 10 சென்டிமீட்டர், கூம்பு வாயின் ஆரம் 5. சரியாகப் பாதி! தையலுக்குப் போன துணியால் கொஞ்சம் குறையலாம். எந்த அளவு அரைவட்டம் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏன் என்று கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள்.

கூம்பை உள்வெளியாகத் திருப்பிப் பஞ்சை அடையுங்கள். தளர்வாக அடைக்கக் கூடாது, அமுக்கினால் ரப்பர் பந்துபோல் எதிர்க்க வேண்டும். ஊசியைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. இழைகள் எவ்வளவு நெருக்குகின்றனவோ அவ்வளவு உராய்வு கிடைக்கும். கடைசியில் வாயைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு, சுருக்குப்பை போல நூலை இழுத்து முடிச்சுப் போடுங்கள். படுக்க வைத்தால் கூம்பின் நுனிதான் மூக்கு. கறுப்பு நூலால் மூக்கு, இரண்டு கறுப்பு மணிகளால் கண், துணித் துண்டில் காது. முகத்தை விட்டுவிட்டு, முதுகில் மட்டும் ஊசிகளைப் பின்பக்கம் சாய்த்துக் குத்துங்கள்.

குத்தும்போது கவனித்தீர்களா? ஊசி எவ்வளவு எளிதாக இறங்குகிறது! நுனியின் குறுக்களவு 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கட்டைவிரல் 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுத்தும் அதே விசையை, ஊசி அதில் சுமார் 50,000-இல் ஒரு பங்கு பரப்பில் செலுத்துகிறது. பரப்பு சுருங்கச் சுருங்க அழுத்தம் பெருகும். நுனி துணியின் பாவு நூலையும் ஊடு நூலையும் ஒதுக்கி நுழைவதால், உருவிய பிறகு ஓட்டை பெரும்பாலும் மூடிக்கொள்கிறது.

மேலை நாடுகளில் தக்காளி வடிவ ஊசிமெத்தை மிகவும் பிரபலம். அதிலிருந்து ஒரு குட்டி ஸ்ட்ராபெரி தொங்கும். அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குள் எமரி என்னும் கருந்தூள் இருக்கிறது. ஊசியை அதில் நாலைந்து முறை குத்தி எடுத்தால் துரு உரிந்து நுனி பளபளக்கும். எமரி என்பது குருந்தமும் இரும்பு ஆக்சைடும் கலந்தது. குருந்தம் நம் தமிழ்ச் சொல். ஆங்கிலத்தில் அந்தத் தாதுவுக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயர் இங்கிருந்துதான் போனது! குருந்தத்தில் சிறிது குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10, குருந்தம் 9.

எமரித் தூள் கிடைக்காவிட்டால் மணல் போதும். மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு அந்த வரிசையில் 7. துரு அதைவிட மென்மையானது என்பதால் சுரண்டிவிடும். ஆற்று மணலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். நெருக்கமாக நெய்த சிவப்புத் துணியில் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய பை தைத்து, மணலை நிரப்பி, கறுப்பு நூலால் புள்ளி போட்டால் வண்டு தயார். அதை ஒரு சாண் நூலில் முள்ளெலியோடு கட்டிவிடுங்கள். ஸ்ட்ராபெரியைவிட வண்டுதான் பொருத்தம். முள்ளெலி பூச்சி தின்னும் பிராணி.

நிஜ முள்ளெலியும் நம் ஊரில் உண்டு. மதராஸ் முள்ளெலி என்று பெயர். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இது எலியும் அல்ல, முள்ளம்பன்றியும் அல்ல. முட்கள் நம் முடியும் நகமும் ஆன அதே கெரட்டினால் ஆனவை. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். தெற்கே வறண்ட நிலங்களில் இரவில் எதிர்ப்பட்டால் தொடாமல், பிடிக்காமல் வழிவிடுங்கள்.

கத்தரிக்கோல் பிடிக்கும்போது வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். முதுகில் எத்தனை ஊசி என்று எண்ணி, ஒரு துண்டுத் துணியில் அந்த எண்ணைத் தைத்து அடியில் ஒட்டிவிடுங்கள். தைத்து முடித்ததும் எண்ணிப் பார்த்தால், தரையில் விழுந்த ஊசி யார் காலிலும் ஏறாது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு ஊசி எடுத்து, ஒன்றை மருந்துக் கடைப் பஞ்சிலும் மற்றதை இலவம் பஞ்சிலும் செருகி, சமையலறை ஜன்னல் ஓரத்தில் மழைக்காலம் முடியும்வரை வையுங்கள். எந்த ஊசி எந்த நாளில் பழுப்பேறியது என்று குறித்து எங்களுக்கு எழுதுங்கள்.