கறுப்பெல்லாம் கருமருந்து அன்று

குழல்வாய் வழியே மருந்தையும் ஈயக்குண்டையும் இட்டுச் சுடும் துவக்கு பழங்காலப் பொருளாகிவிட்டது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அமெரிக்காவிலோ அது இன்றும் மான்வேட்டைக்குப் பயன்படுகின்றது. பென்சில்வேனியா மாநிலத்தார் 1974ஆம் ஆண்டிலே, சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துவக்குகளுக்கென்றே தனி வேட்டைக்காலம் ஒன்றை வகுத்தனர். இத்தகைய வேட்டைக்காரரின் உயிர் அவர் வாங்கும் மருந்துப் பேணியிலே தங்கியுள்ளது.

இத்துவக்குக்கு உரியது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த இது பல நூற்றாண்டு கண்டது. 1884இல் பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் போல் வியெய் புகையில்லா மருந்தை ஆக்கினார். நைத்திரோசெலுலோசிலிருந்து பிறந்த அம்மருந்து, நிறைக்கு நிறை பார்த்தால், கருமருந்தினும் ஏறத்தாழ மும்மடங்கு வலியது.

வலிமை மட்டுமே ஆபத்தன்று. இரசாயனம் பயிலும் மாணவர் இதனைக் கூர்ந்து நோக்குவாராக. அமுக்கம் ஏற ஏறப் புகையில்லா மருந்து எரியும் வேகமும் ஏறுகின்றது. வேகம் ஏறவே அமுக்கம் மேலும் ஏறுகின்றது. கருமருந்தை அமுக்கம் அவ்வளவாகத் தூண்டுவதில்லை. ஆகவே கருமருந்துக்கென அமைந்த குழலிலே, அதே அளவுக்கிண்ணத்தால் மற்றதை முகந்து இட்டால் குழல் பிளந்துவிடும். கன்னத்தோடு அணைத்துச் சுடுபவரின் கண்ணும் கையும் என்னாவது? இரண்டையும் கலந்திடுவதும் ஆகாது. புகையில்லா மருந்துக்கென்றே செய்த புதுத் துவக்குகள் சில உண்டு; அவை வேறு இனம்.

நிறத்தைக் கண்டு தெளியலாம் என்பாரும் உளர். அது வீண். புகையில்லா மருந்து மணிகள் பலவற்றுக்குப் பென்சிற்கரி பூசப்படுவதால் அவையும் கறுப்பாகவே தோன்றும். பெயரில்லாப் பேணியிலுள்ளதை, நண்பர் தந்ததாயினும், குழலில் இடலாகாது.

கருமருந்திலும் தெரிவு உண்டு. பேணியில் 'எஃப்' எழுத்து கூடக் கூட மணி நுண்ணியதாகும். அரை அங்குலக் குழலுக்கு இரண்டு எஃப், சிறிய குழலுக்கு மூன்று, பொறி விழும் சிறு தட்டுக்கு நான்கு என்பது பொது வழக்கு.

1970களில் வந்த பைரோடெக்ஸ் என்னும் பதில்மருந்து கடைக்காரருக்கு வைத்துக்காக்க இலகுவானது. ஆயினும் தீப்பற்ற அதற்கு அதிக வெப்பம் வேண்டும்; கல்லின் பொறிக்கு எளிதில் இணங்காது. கருமருந்தினும் இலேசானதாகையால், அதனைக் கொள்ளளவாலேயே அளப்பர். தராசில் கருமருந்தின் நிறைக்கு ஈடாக இட்டால் மிகையாகிவிடும்.

எம்மருந்தாயினும் மருந்துக்கொம்பிலிருந்து நேரே குழலில் ஊற்றலாகாது. முன்வெடியின் கனல் உள்ளே எஞ்சியிருந்தால் கையிலுள்ள கொம்பே வெடிக்கும். ஒரு வெடிக்குரியதைக் கிண்ணத்தில் அளந்தே இடுவர். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெளி இராதபடி இறுக்குவர்.

கருமருந்துக்கும் ஒரு குறை உண்டு. அதில் பாதிக்கு மேல் புகையும் கசடுமாக எஞ்சும். அக்கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றுவதால், வேட்டை முடிந்த அன்றிரவே குழலை நீர்விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசவேண்டியுள்ளது.