நம் வாயில் ஆங்கிலம் – 14: பவர்

1776 மார்ச்சில் ஜேம்ஸ் பாஸ்வெல் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோஹோ தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். உலகமே எதற்கு ஆசைப்படுகிறதோ அதைத்தான் இங்கே விற்கிறேன் என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டார் முதலாளி மேத்யூ போல்டன். அந்தச் சரக்கின் பெயர் 'பவர்'. போல்டன் விற்றது நீராவி இயந்திரம். ஆனால் அரசர்களும் மந்திரிகளும் அடித்துக்கொள்வதும் அதே பெயருள்ள வேறொரு சரக்குக்காகத்தானே! வியாபாரி தெரிந்தேதான் சிலேடை பேசியிருக்கிறார். பாஸ்வெலும் அதை விடாமல் குறித்துவைத்து, பிறகு தான் எழுதிய சாமுவேல் ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் சேர்த்துவிட்டார்.

அந்தச் சிலேடைக்கு இடம் கொடுத்தது சொல்லின் பிறப்பு. நார்மானியர்களோடு இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சிலிருந்து எடுத்தது 'பவர்'. அதன் வேரான லத்தீன் வினைக்கு 'முடிதல்', 'இயலுதல்' என்றுதான் பொருள். அதே பிரெஞ்சு வழியாக வந்த 'ஃபோர்ஸ்' வேறு குணம் உள்ளது. அது வெளியே தெரிகிற பலம். தள்ளும், இழுக்கும், உடைக்கும். பவர் உள்ளே இருக்கிற இயலுமை. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பவர் பவர்தான். காவல்துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கலைக்கத் தடியைச் சுழற்றினால் அது ஃபோர்ஸ். ஒருவரைக் கைது செய்ய அவர்களுக்குச் சட்டம் தந்திருப்பது பவர். தடி மூலையில் சாத்திக் கிடக்கும்போதும் அந்த இரண்டாவது அவர்களிடம் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை நாமும் ஓரளவு காப்பாற்றித்தான் வருகிறோம். குழாயில் தண்ணீர் 'ஃபோர்ஸா' வரும், 'பவரா' வராது. பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பாரை நீட்டினால் 'ஃபோர்ஸ் பண்ணாதீங்க' என்போம். ஆங்கிலேயன் காதில் அது கழுத்தைப் பிடித்து ஊட்டுகிற அளவுக்குக் கடுமையாக விழும் என்பது வேறு கதை.

ஆனால் 'பவர்' நம்மிடம் ஒரே சொல்லாக வந்து சேரவில்லை. வக்கீல் ஒன்றைக் கொண்டுவந்தார், மின்வாரியம் இன்னொன்றை, கண்ணாடிக் கடைக்காரர் மற்றொன்றை, மருந்துக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒன்றை. சினிமாக்காரர்களுக்கு அது செலவே வைக்கப் பார்த்தது. 2017இல் தனுஷ் இயக்கிய 'பவர் பாண்டி', தமிழ்ப் பெயருக்கு அப்போது கிடைத்த வரிவிலக்குக்காக 'ப. பாண்டி' ஆனது. ஒரு முதலெழுத்துக்குள் பவரை ஒளித்துவைத்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும்.

மின்சாரத்தில் நம் வழக்கு விசித்திரமானது. கரண்ட் கம்பம், கரண்ட் பில், 'கரண்ட் போயிடுச்சு' எல்லாம் கரண்ட்தான். மணிக்கணக்கில் நிறுத்தினால் மட்டும் அது 'பவர் கட்'. 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கற்காத குழந்தை இல்லை. பிரிட்டனிலும் இதைப் பவர் கட் என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு அது பவர் அவுட்டேஜ்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் தொடங்குவது இங்கேதான். போல்டனின் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதுவரை குதிரையைக் கட்டி ஆலை ஓட்டியவர்களிடம் இயந்திரத்தை விற்க வேண்டும். எத்தனை குதிரைக்குச் சமம் என்றுதான் அவர்கள் கேட்பார்கள். ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குவதற்குச் சமமான வேலை செய்யும் என்று கணக்குப் போட்டார் வாட். சாதாரணக் குதிரையால் நாள் முழுக்க அப்படி உழைக்க முடியாது, கணக்கு தாராளமானதுதான். அதுவே ஹார்ஸ் பவர். இன்று நம் கிணற்று மேட்டில் '5 ஹெச்.பி. மோட்டார்' என்று நிற்பது அந்தக் குதிரைகளே. வாட்டின் பெயரும் பிறகு அளவாகி, ஒரு ஹெச்.பி. 746 வாட் என்று ஆனது.

அந்தக் கணக்கில் 'ஒரு நிமிடத்தில்' என்று வருவதைக் கவனியுங்கள். எவ்வளவு வேலை என்பதை மட்டும் பவர் சொல்லாது. எவ்வளவு சீக்கிரம் என்பதே அதன் பேச்சு. நாம் மின்கட்டணம் கட்டுவது பவருக்கு அல்ல, அந்தப் பவரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு. ஆயிரம் வாட் இழுக்கும் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இஸ்திரிப் பெட்டி 'பவரை இழுக்குது' என்று வீட்டில் திட்டு வாங்கும். 1,000 வாட் பெட்டியில் கால் மணி நேரம் துணி தேய்த்தால் ஆவது கால் யூனிட். தலைக்கு மேலே 75 வாட் மின்விசிறி நல்ல பிள்ளையாக 20 மணி நேரம் சுற்றி ஒன்றரை யூனிட் தின்றிருக்கும். அதை யாரும் திட்டுவதில்லை. பத்திரிகைகளும் சளைத்தவை அல்ல. 'நாள் ஒன்றுக்கு 500 மெகாவாட் உற்பத்தி' என்று எழுதுவது, பேருந்து ஒரு நாளைக்கு 'மணிக்கு 60 கிலோமீட்டர்' வேகத்தில் போகிறது என்பதைப் போன்றது. இதற்காகத்தான் நம் பாடப்புத்தகங்கள் பவருக்குத் திறன் என்றும் எனர்ஜிக்கு ஆற்றல் என்றும் தனித்தனிப் பெயர் வைத்தன. இலங்கைப் பாடப்புத்தகங்களில் வலு, சக்தி. விசை மட்டும் இரு கரையிலும் விசைதான்.

பத்திரத்தில் வருகிற பவர் இன்னும் பழையது, மூலப் பொருளுக்கு நெருக்கமானதும்கூட. 'பவர் ஆஃப் அட்டர்னி'யில் அட்டர்னியை வெட்டிவிட்டு 'பவர் எழுதிக் குடுத்துட்டேன்', 'பவர் ஏஜென்ட்', 'பவரை கேன்சல் பண்ணிட்டேன்' என்று சுருக்கிக்கொண்டோம். எனக்காகச் செய்ய உங்களால் முடியும் என்று கொடுக்கிற இயலுமை அது. 1882ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. கொடுத்தவர் இறந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அதுவும் அவரோடு போய்விடும். அதனால்தான் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று கேட்கிறார்கள். பவர் வாங்கிவிட்டால் மனையே வாங்கியதாக நினைத்துப் பணம் கொடுத்தவர்கள் நாடெங்கும் உண்டு. அப்படிப் பெறும் பவர் சொத்துரிமையை மாற்றித் தராது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

'கண்ணுல பவர் ஏறிடுச்சு' என்கிறோம். பார்வை குறைந்துவிட்டது என்பதைச் சொல்ல இப்படி ஒரு வாக்கியமா என்று சிரிக்கலாம். கண்ணாடி வில்லைக்குத்தான் அந்தப் பவர். அதை அளக்கும் டயாப்டர் என்ற அலகை 1872இல் முன்வைத்தவர் மோனுவாயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். பிளஸ் 2 என்றால் ஒளி அரை மீட்டரில் குவியும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: நம் கண்ணுக்கே ஏறக்குறைய 60 டயாப்டர் பவர் உண்டு. கிட்டப்பார்வைக்காரரின் கண் நீளத்துக்கு அது அதிகமாகிவிடுகிறது. அதைக் குறைக்கத்தான் மைனஸ் கண்ணாடி. ஆகவே மைனஸ்காரர்கள் தங்களுக்குப் பவர் அதிகம் என்று சொன்னால் மறுக்க முடியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. மாத்திரையில் வரும் பவர் அப்படி அல்ல. ஆங்கில மருந்தகங்களில் 'ஸ்ட்ரெங்த்' எனப்படுவதை நாம் பவர் ஆக்கினோம். அட்டையில் உள்ள எண்ணே பவர் என்று முடிவு கட்டினோம். '650 போட்டேன், இது வெறும் 5 பவர்தானே' என்று கேட்பவரிடம் இருப்பது பாரசிட்டமாலும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும். அந்த 5 மில்லிகிராமே ஒரு நாளுக்கான அளவு. தைராய்டுக்கான மாத்திரையில் 100 என்று போட்டிருப்பது மைக்ரோகிராம். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. எண்ணை வைத்து ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிடவே முடியாது. ஹோமியோபதியில் இன்னும் வேடிக்கை. அங்கே '30 பவர்', '200 பவர்' என்பது ஒன்றுக்கு நூறு என்ற கணக்கில் அத்தனை முறை கரைத்தது என்று பொருள். எண் ஏற ஏற உள்ளே இருக்கும் சரக்கு குறையும்.

மருந்துக் கடையில் 'பவர் கம்மியா ஒண்ணு குடுங்க' என்று கேட்பதை இன்றோடு விடுங்கள். மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை என்பதோடு, அது மில்லிகிராமா மைக்ரோகிராமா என்பதையும் படித்துப் பாருங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு.