‘அவ மனசை மாத்திக் கொடுங்க!’

உள்ளே மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். வெளியே பெஞ்சில் அம்மா. மடியில் கைப்பை, அதற்குள் பழைய மருந்துச் சீட்டுகள், ஒரு தண்ணீர் பாட்டில். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. மகள் முகம் கழுவப் போன இடைவெளியில் அம்மா தணிந்த குரலில் கேட்கிறார்: “என்ன மேடம் சொன்னா? அந்தப் பையனைப் பத்தி ஏதாவது வாயைத் திறந்தாளா?”

மனநல ஆலோசனை அறைகளின் வாசலில் வாடிக்கையாக நடக்கும் காட்சி இது. ஃபோன் போட்டு நேரம் வாங்கியவர் அம்மா. ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தவர், ஃபீஸ் கட்டியவர் எல்லாம் அவர்தான். ஆனாலும், அவர் கேட்ட கேள்விக்கு ஆலோசகர் பதில் சொல்லக் கூடாது. கவுன்சலிங்கின் அறநெறி பற்றிப் பாடப்புத்தகங்கள் பல அத்தியாயங்கள் எழுதியிருக்கின்றன. நம் ஊரில் அவற்றில் பாதி இந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடும். ஆலோசகர் யாருக்காக வேலை செய்கிறார்? உள்ளே இருப்பவருக்கா, கூட்டிவந்தவருக்கா?

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தடுமாறவில்லை. அதன் 23-வது பிரிவின்படி, தன் மனநலம் பற்றியும் சிகிச்சை பற்றியும் உள்ள தகவல்கள் ரகசியமாக இருப்பது சிகிச்சை பெறுபவரின் உரிமை. அதைக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை. கணவர், மாமியார், வேலை பார்க்கும் கம்பெனியின் ஹெச்.ஆர். என யார் வந்து கேட்டாலும் இதுதான் நிலை.

விலக்குகள் உண்டு. உடன் சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களிடம் சொல்லலாம். நோயாளி தனக்காக நியமித்த பிரதிநிதி தன் கடமையைச் செய்வதற்கு வேண்டியதைச் சொல்லலாம். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும், இன்னொருவருக்குத் தீங்கு நேரும் என்றாலும் வாய் திறக்கலாம். ஆனால், அந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். இந்த ‘அவ்வளவு மட்டும்’ என்பதில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. தற்கொலை எண்ணத்தோடு வந்த பெண்ணின் அம்மாவிடம், “இன்னைக்கு ராத்திரி அவளைத் தனியா விடாதீங்க, வீட்ல இருக்கற பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்க” என்று சொல்லியே ஆக வேண்டும். அவள் யாரைக் காதலித்தாள், என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியொரு விலக்கு உலகெங்கும் பேசுபொருளானதற்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர், தன்னை விரும்பாத ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்தார்கள். தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவர் வீட்டாருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று டாட்டியானா டாரசாஃப் என்ற அந்தப் பெண் அவரால் கொல்லப்பட்டார். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். ஆபத்திலிருக்கும் மூன்றாம் நபரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. காவலர்களுக்குச் சொன்னதோடு கடமை முடிந்துவிடுமா என்ற விவாதம் அன்று தொடங்கியது. இன்றும் வகுப்பறைகளில் ஓயவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி புகார் செய்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பள்ளிக் கவுன்சலரிடம், “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?” என்று ஒரு மாணவி கேட்டால், “சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துகொடுப்பது பெரும் பிழை. எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் நாளே, அந்தப் பெண் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நம்பிக் கொட்டிய பிறகு, “இதை போலீஸுக்குச் சொல்லணும்மா” என்றால் அவள் மறுபடியும் எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

மாற்றித் தரச் சொல்பவர்கள்

பெஞ்சில் காத்திருப்பவர்கள் தகவல் மட்டும் கேட்பதில்லை. “அவ மனசை மாத்திக் கொடுங்க” என்பார்கள். சாதி மாறிக் காதலிக்கும் மகள், பெண்ணைக் காதலிக்கும் பெண், சேலை கட்ட ஆசைப்படும் ‘பையன்’, கல்யாணமே வேண்டாம் என்கிற முப்பது வயதுக்காரர் என எல்லோரையும் இந்த ஒரே வேண்டுகோளோடு அழைத்துவருகிறார்கள். முன்பு மந்திரித்துத் தாயத்துக் கட்டக் கூட்டிப்போன அதே நோக்கம்தான். இடம்தான் மாறியிருக்கிறது. அங்கே வேப்பிலை, இங்கே ஏசி அறை.

அதே 2017 சட்டத்தின் 3-வது பிரிவு இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. ஒருவருடைய சமூக நிலையையோ, அவர் எந்தச் சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்பதையோ வைத்து மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஊரில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கும் மத நம்பிக்கைகளுக்கும் ஒத்துப்போகாததை வைத்தும் அப்படி முடிவுகட்டக் கூடாது. நம் ஊருக்காகவே எழுதியது போன்ற வரி. சாதி மறுப்புக் காதலைப் ‘பித்து’ என்று சொல்லும் பெற்றோருக்கு, ஆலோசகர் அந்த வரியைப் படித்தே காட்டலாம்.

பாலினம், பாலியல்பு விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மதுரையைச் சேர்ந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் சென்னைக்கு வந்துவிட, காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் பேச அனுப்பினார். நீதிமன்றம் கவுன்சலிங்குக்கு அனுப்புவது புதிதில்லை. இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதுமுன் நீதிபதி தானும் ஓர் உளவியலாளர் முன் மாணவராக அமர்ந்ததுதான் புதிது. 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, ஒருவருடைய பாலியல்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைத் தடைசெய்தது. அப்படி முயல்பவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. அதையொட்டி 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பு கட்டுப்படுத்துவது மருத்துவர்களை. மாடிப்படி ஓரம் பலகை மாட்டியிருக்கும் ‘கவுன்சலரை’ யார் கட்டுப்படுத்துவது? மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். மற்ற ஆலோசகர்களை 2021-ஆம் ஆண்டின் இணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால், ஆறு வாரச் சான்றிதழ் ஒன்றை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் அந்தச் சட்டத்தின் கை இன்னும் நீளவில்லை. இந்தத் துறையின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

யார் வாயால் பேசுவது?

ஆலோசகர் படித்தது ஆங்கிலத்தில். வருபவர், “நெஞ்சு படபடங்குது, ராத்திரி பூரா தூக்கம் பிடிக்கல, யாரோ செஞ்சுவச்சிட்டாங்க” என்கிறார். ‘செய்வினை’ என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பவரும் சரி, உடனே மாயநம்பிக்கை நோய் என்று குறித்துக்கொள்பவரும் சரி, அங்கேயே ஆளை இழந்துவிடுவார்கள். யார் செய்தார்கள் என்று நினைக்கிறார், எப்போதிருந்து என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சொத்துத் தகராறோ முறிந்த உறவோ வெளியே வரும்.

நம்பிக்கையை மதிப்பது என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பொருளில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி எரிந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். இப்போது அதே ஏர்வாடியில் துவா எனும் பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றாகவே கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. தர்காவுக்குப் போகாதே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மொழி தெரியாதவர் வரும்போது சிக்கல் வேறு விதம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடியாப் பெண் மனநல ஆலோசகரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்க்க உடன் வருபவர் சூப்பர்வைசர். அந்தப் பெண்ணின் தொந்தரவே அந்த சூப்பர்வைசர்தான் என்றால்? காது கேளாத மனைவியின் சைகையை மொழிபெயர்க்கக் கணவர் வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். பெஞ்சில் இருக்க வேண்டியவர் அறைக்குள்ளேயே வந்துவிடுகிறார். அவர் வடிகட்டித் தருவதைத்தான் ஆலோசகர் கேட்கிறார். தொடர்பில்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரை, ஃபோனிலாவது, பிடிப்பதுதான் சரி. அலைச்சல்தான், செலவுதான். வேறு குறுக்குவழி இல்லை.

முதல்முறை போகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், நான் சொல்வதை எப்போது, யாரிடம் சொல்வீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கூட்டிப்போகிறவர்கள், “என்ன சொன்னா?” என்று கேட்பதை விட்டு, “வீட்ல நாங்க எப்படி நடந்துக்கணும்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆலோசகர் தாராளமாகப் பதில் சொல்லலாம்.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். யாரும் கூட்டிப்போக வேண்டியதில்லை.