கண் முன்னே இருந்தும் காணாதது

சென்ற தவணைப் பரீட்சைக்கு முதல் நாள். வீரமுனையில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து இணைந்த கணிதம் செய்துகொண்டே தம்பியைப் பார்த்துக்கொள்வதாக உம்மாவிடம் சொன்னேன். இலகுவான கணக்குகளைச் செய்தபோது அவன் மணலில் விளையாடுவதும் தெரிந்தது. பிறகு கடினமான கணக்கொன்று வந்தது. உம்மா கத்திய சத்தத்தில்தான் நிமிர்ந்தேன். தம்பி கிணற்றுக் கட்டில் ஏறி நின்றான்! அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவன் என் முன்னாலேதான் நடந்து போயிருக்கிறான். எனக்கு ஏன் தெரியவில்லை?

1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு காணொளியைக் காட்டி, அதில் பந்து எத்தனை தரம் கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். இடையில் கொரில்லா வேடமிட்டவரோ, குடை பிடித்த பெண்ணோ நடந்து போவார். வெறுமனே எண்ணியவர்களில் 64 வீதத்தினர் அதைக் கண்டனர். தரையில் பட்டுப்போகும் பந்தையும் நேரே போகும் பந்தையும் தனித்தனியே எண்ணியவர்களிலோ 45 வீதத்தினரே கண்டனர். வேலை கடினமானதும் பார்வையிலிருந்து ஓர் ஆளே மறைந்துவிட்டார்! காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்த காணொளிகளில், கண்டவர்கள் இன்னும் குறைவு.

கலப்பு யதார்த்தக் கண்ணாடிகளும் இப்படித்தான். நாம் இருக்கும் அறையும் தெரியும். அதன்மேல் கணினி வரையும் படமும் தெரியும். கண்ணுக்கு இரண்டும் கிடைத்தாலும், கவனம் கடினமான வேலையின் பின்னாலேயே போய்விடும். அப்போது காலடியில் இருக்கும் படிக்கட்டும் தெரியாமல் போகலாம்.

அப்படியானால், நூறு விடயங்களைக் கவனித்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்? நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த அவர், 1907 மார்ச் 10ஆம் திகதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அவதானத்தில் ஒருவர் வெண்பாக் கேட்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகில் கல் எறிவார், அதையும் எண்ண வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் செய்வதல்ல அவதானம். ஒவ்வொன்றாக எடுத்து, விட்ட இடத்தை மறக்காமல் திரும்பி வருவதே அது. நீண்ட பயிற்சியால் யாப்பு அவருக்கு இலகுவாகியிருந்தது. அதனால்தான் மற்றவற்றுக்கு மனதில் இடம் மிஞ்சியது என்று நினைக்கிறேன்.

எனக்கு இணைந்த கணிதம் இன்னும் அவ்வளவு இலகுவாகவில்லை. ஆகவே கடினமான கணக்கை எடுக்குமுன் இப்போது சொல்லிவிடுகிறேன்: "உம்மா, தம்பிய நீங்க பாருங்க. இப்ப என்னால ஏலா."