இருதய வியாதிக்கு நர்ஸ் ஏன் காலைப் பார்க்கிறார்?



மூச்சுத் திணறல் என்று வார்டில் சேர்ந்தவரின் கால்மாட்டில் நர்ஸ் குனிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "நெஞ்சுதானே வியாதி, காலில் என்ன இருக்கிறது?" என்று உறவினர் கேட்பதுண்டு. மூன்று காரியங்களை அவர் கவனிக்கிறார்.

முதலாவது, வீக்கம். பலவீனப்பட்ட இருதயம் போதிய இரத்தத்தைத் தள்ளாதபோது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகின்றன. நீர் கணுக்காலில் இறங்குகிறது; விரலால் அழுத்தினால் குழி விழும். வீக்கம் தெரியுமுன்பே எடை கூடிவிடும். ஆகையால் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், ஆகாரத்துக்கு முன், ஒரே தராசில் எடை பார்க்கிறார்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றை விலக்கச் சொல்வதும் இதனாலேயே. சுகமுள்ளவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இரண்டாவது, நாடி. பாதத்தின் மேற்புறத்தில் விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேடுகிறார். தமனி அடைபட்டால் துடிப்பு குறையும், பாதம் குளிரும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். பீடி குடிக்கும் இளவயது உழைப்பாளிகளையும் தாக்கும் இப்படிப்பட்ட வியாதி ஒன்றை, 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் விவரித்தார். அதற்குப் புகையிலையை அடியோடு விடுவதே முதல் மருந்து. வலிக்கிறதென்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாகாது. இரத்தம் குறைந்த தோல் எளிதில் வெந்துபோகும்.

மூன்றாவது, சிரை. வருஷக்கணக்கில் நின்றே வேலை செய்கிறவர்களில் சிலருக்குச் சிரையின் வால்வுகள் பழுதாகி இரத்தம் கீழே தேங்குகிறது. நரம்பு சுருண்டு, கணுக்காலின் உட்புறத்தில் ஆறாத புண் வருகிறது. இந்தக் காலை உயர்த்தி வைத்து, இறுக்கமாகக் கட்டுப்போட வேண்டும்.

இங்கேதான் நர்ஸின் விரலுக்கு வேலை. சிரைப் புண்ணுக்குச் சுகம் தரும் அதே கட்டு, தமனி அடைபட்ட காலில் மிச்சமுள்ள இரத்தத்தையும் நிறுத்திவிடும். காலையே இழக்க நேரிடும். எனவே நாடியைப் பாராமல் கட்டுப்போடுவதில்லை.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். உள்ளே உறைந்த இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினால் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனாலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் உள்ள வீட்டில் தினமும் பாதத்தைப் பார்க்கிறவர் மகளோ மருமகளோதான். டிஸ்சார்ஜ் ஆகுமுன் நர்ஸ் அவர்களை அருகில் நிறுத்தி, அழுத்திப் பார்க்கவும், எடையைக் குறிக்கவும் கற்றுக்கொடுக்கிறார். அந்த அரைமணி நேரத்துக்குப் பில் கிடையாது. நீங்கள் அனுப்பும் காணிக்கையே அதற்கு இடமளிக்கிறது.