மருந்து போய்ச் சேர்ந்ததா?

செஃப்ட்ரையாக்சோன் ஊசி நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் புழங்குவது. டைஃபாய்டுக்கும் போடுவார்கள், மூளைக்காய்ச்சலுக்கும் போடுவார்கள். கிருமியைக் கொல்லும் இந்த மருந்து மூளையின் துணைச் செல்களிடம் வேறொரு வேலையும் வாங்குகிறது என்று 2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ராத்ஸ்டைனின் குழு கண்டுபிடித்தது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் கிடைத்த விடை அது.

மூளை என்றாலே நியூரான்களைத்தான் நினைக்கிறோம். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மற்ற செல்களும் அங்கே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிளியா எனப்படும் துணைச் செல்கள். ஆஸ்ட்ரோசைட் அவற்றில் ஒரு வகை. நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும்போது குளுட்டமேட் என்ற ரசாயனத்தைச் சிந்துகின்றன. பேசி முடித்ததும் அது உடனே அகற்றப்பட வேண்டும். தங்கிவிட்டால் நியூரானுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து அதைக் கொன்றுவிடும். சிந்தியதை உறிஞ்சி, ஆபத்தில்லாத குளுட்டமினாக மாற்றித் திருப்பிக் கொடுப்பது ஆஸ்ட்ரோசைட்தான். ஸ்டீபன் ஹாக்கிங்கை முடக்கிய ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் இப்படி உறிஞ்சும் புரதம் குறைந்திருப்பதை ராத்ஸ்டைன் 1995-லேயே காட்டியிருந்தார். செஃப்ட்ரையாக்சோன் அந்தப் புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்யவைத்தது. ஏ.எல்.எஸ். எலிகள் சுமார் 10 நாட்கள் கூடுதலாக வாழ்ந்தன. எலியின் ஆயுளுக்கு அது சிறிதல்ல.

அடுத்து மனிதர்களிடம் சோதனை. மார்புக்குள் செல்லும் குழாய் வழியே, மாதக்கணக்கில், தினமும் மருந்து ஏற்ற வேண்டும். கையும் காலும் ஓய்ந்துகொண்டிருந்த 500-க்கும் மேற்பட்டோர் அதற்கு முன்வந்தார்கள். ஆரம்பக் கட்டங்கள் நம்பிக்கை தந்தன. இறுதிக் கட்டத்தில் பலனில்லை. பலருக்குப் பித்தப்பைத் தொல்லைதான் மிச்சம். 2012-ல் நிறுத்திவிட்டார்கள்.

என்னை உறுத்துவது தோல்வி அல்ல. மருந்து முதுகுத்தண்டு நீர்வரை போதிய அளவில் சென்றது என்பதை அளந்தார்கள். ஆனால், அந்தப் புரதம் கூடியதா என்று உயிருள்ள மனிதரின் மூளையில் பார்க்க வழியில்லை. கருத்தே தவறா, ஆஸ்ட்ரோசைட் மருந்துக்கு மசியவில்லையா? அத்தனை பேர் உடலைக் கொடுத்தும் இதற்கு விடை கிடைக்கவில்லை.

மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவின் கொதிப்பைத் தணிக்கும் என்று நம்பப்பட்ட மினோசைக்ளின் கதை இன்னும் கொடுமை. அதுவும் எலிகளைக் காத்த மருந்துதான். 412 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2007-ல் வந்தபோது, மருந்து எடுத்தவர்கள்தான் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் வேகமாகச் சரிந்திருந்தார்கள். எலியை நம்பி மருந்துக்கடைக்கு ஓடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிளெமாஸ்டின் சோதனை வேறு மாதிரி நடந்தது. பழைய அலர்ஜி மாத்திரை அது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறையிடும் துணைச் செல்கள் முதிர்ச்சியடைய அது உதவுவதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஜோனா சானின் ஆய்வகம் கண்டது. மயலின் சிதையும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அதனால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட 50 பேரை அங்கேயே ஆரி கிரீன் தேர்ந்தெடுத்தார். சோதனை எளிமையானது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். அதில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டது மூளையின் பின்புறம் எட்ட எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பின்தலையில் ஒட்டிய மின்முனை பதிவுசெய்யும். நல்ல நரம்புக்குச் சுமார் 100 மில்லிவிநாடி போதும். உறை இழந்த நரம்பு தாமதிக்கும். உறை திரும்பினால் தாமதம் குறைய வேண்டும்.

2017-ல் முடிவு வெளியானது: சராசரியாகக் கண்ணுக்கு 1.7 மில்லிவிநாடி குறைந்திருந்தது. மாத்திரை சோர்வைக் கூட்டவும் செய்தது. நோயாளியின் அன்றாடத்தில் இந்த மாற்றம் தெரியாமலே போகலாம். ஆனாலும் சிதைந்த உறையைத் துணைச் செல்களைக் கொண்டு சீராக்க முடியும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த தடயம் அது. 2023-ல் அதே நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களை மறுபடி அலசினார்கள். இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையில் மயலினின் அடையாளம் கூடியிருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் நீடித்தது.